சீட்டில் எழுதிய போனோடு வீடு திரும்ப

மாவட்டத் தலைநகர் ஒன்றில், பல நிறுவனங்களின் போன்களை விற்கும் கடையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எனக்குச் சம்பளம் கொடுத்தது கடை அன்று, ஒரு போன் நிறுவனம். அதன் பெயர் பொறித்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும் ப்ரமோட்டர் நான். ஒரு நாள், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் நோட்டுத் தாளைக் கிழித்து நான்காக மடித்த சீட்டுடன் வந்தார். வெளியூரில் படிக்கும் மகள் சொல்லச் சொல்ல அவரே எழுதிக்கொண்ட மாடல் பெயர் அதில் இருந்தது. அந்த மாடல் எனக்கு எதிரே இருந்த அலமாரியில்தான் இருந்தது. "அது சீக்கிரம் சூடாகிவிடும் ஐயா. வாங்கியவர்கள் திரும்பத் திரும்ப சர்வீஸுக்கு அலைகிறார்கள்" என்றேன். அந்த போனை நான் ஒருமுறைகூடக் கையில் எடுத்துப் பார்த்தது கிடையாது. பத்தே நிமிடத்தில் அவர் எங்கள் நிறுவனத்தின் போனை, சீட்டில் இருந்ததைவிட 2,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார். போகும்போது எனக்கு நன்றி சொன்னார்.

அந்த நன்றியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. முதன்முறையாகத் தனியே போய் போன் வாங்கப் போகிறவர்களுக்கு, கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட நினைக்கிறேன்.

முதலில், எதிரே நிற்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடைக்குள் நுழைந்ததும் "வாங்க அண்ணா, என்ன பார்க்கிறீர்கள்?" என்று முந்திக்கொண்டு வருபவர் பெரும்பாலும் ப்ரமோட்டர். அவருடைய சட்டையில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அவர் ஒரே ஒரு நிறுவனத்தின் போனை விற்பதற்காக அங்கே நிறுத்தப்பட்டவர். மற்ற நிறுவனப் போனைப் பற்றி அவரிடம் கேட்பது, சம்பந்தி வீட்டாரைப் பற்றி எதிர்வீட்டாரிடம் விசாரிப்பதைப் போல. பதில் கிடைக்கும், ஆனால் அதை நம்பி முடிவெடுக்க முடியாது.

கடையின் சொந்த ஊழியருக்கு எல்லா நிறுவனமும் ஒன்றுதானே என்று தோன்றலாம். அவருக்கும் கணக்கு உண்டு. இந்த மாதத்துக்குள் இந்த மாடலில் இத்தனை விற்றால் கடைக்குக் கூடுதல் தொகை என்று நிறுவனங்கள் 'ஸ்கீம்' அறிவிக்கும். புது மாடல் வந்துவிட்டாலோ விலை இறங்கிவிட்டாலோ, பழைய பெட்டிகளில் உரிமையாளரின் முதலீடு முடங்கிக் கிடக்கும். "இதை முதலில் தள்ளுங்கள்" என்று காலையிலேயே சொல்லிவிடுவார். எங்களுக்கு ஒரு மாடலை விற்றால் 50 ரூபாய், இன்னொன்றை விற்றால் 500 ரூபாய் என்று ஊக்கத்தொகை இருந்தது. வாடகை போக மிஞ்சும் சம்பளம் சொற்பம். எந்த மாடலை நான் புகழ்ந்திருப்பேன் என்று நீங்களே ஊகிக்கலாம். மாதக் கடைசி வாரத்தில் இந்த அழுத்தம் உச்சத்துக்குப் போகும்.

கடைக்காரர்களின் தரப்பில் ஒரு நியாயமும் இருக்கிறது. நீங்கள் இணையத்தில் பார்த்து ஆசைப்பட்ட மாடல் அவருக்குக் கிடைக்காததாகவே இருக்கலாம். சாம்சங்கில் எம், எஃப் வரிசைகள் பெரும்பாலும் இணைய விற்பனையைக் குறிவைத்தவை. ஏ வரிசை கடைகளுக்கானது. விவோவில் டி வரிசை இணையத்துக்கு, ஒய், வி வரிசைகள் கடைக்கு. போன்களை இணையத் தளங்களில் மட்டும் அறிமுகப்படுத்தும் ஏற்பாடு குறித்து வணிகர் சங்கம் ஒன்று கொடுத்த புகாரின் பேரில், வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. சிறு வியாபாரிகளின் அந்தக் குறை உண்மையானது. அதற்காக, வந்தவரிடம் "அது மட்டமான போன்" என்று சொல்லிவிடலாம் என்று ஆகிவிடாது.

வீட்டில் முடிக்க வேண்டிய வேலை

பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். கடையில் யோசிக்கலாம் என்று போனீர்களானால், உங்களுக்காக வேறொருவர் யோசித்துவிடுவார்.

சீட்டில் மாடலின் முழுப் பெயரை எழுதுங்கள். 'ரெட்மி நோட் 13' என்று எழுதினால் போதாது. 2024 ஜனவரியில் நோட் 13, நோட் 13 ப்ரோ, நோட் 13 ப்ரோ பிளஸ் என்று மூன்று போன்கள் ஒரே சமயத்தில் வந்தன. மூன்றிலும் சிப் வேறு. ஆரம்ப விலை ஏறக்குறைய 18,000, 26,000, 32,000 ரூபாய். ஒரு 'ப்ரோ' விட்டுப்போனால் பேச்சு வேறு போனுக்குத் தாவிவிடும். பெயரோடு ரேம் எவ்வளவு, சேமிப்பிடம் எவ்வளவு, 4ஜியா 5ஜியா என்பதையும் எழுதுங்கள். நிறத்தில் இரண்டாவது விருப்பம் ஒன்றும் இருக்கட்டும். "அந்த நிறம் இல்லை" என்பதில் தொடங்கி "அந்த மாடலே வேண்டாம்" என்பதில் முடித்த பேச்சுகள் எத்தனையோ நான் பேசியிருக்கிறேன்.

அடுத்து, இந்த போனை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "பேட்டரி நாள் முழுக்க நிற்க வேண்டும்", "அம்மா வீடியோ அழைப்பில் பேசுவதற்கு", "ஐந்து வருடம் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்" என்று எதுவாகவும் இருக்கலாம். விற்பவர் வேறொன்றைக் காட்டும்போது, அது இந்த வரிக்குப் பதில் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்களுக்குத் தேவை பேட்டரி என்னும்போது அவர் கேமராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சு உங்களுக்கானது அன்று.

கடைசி வரியில் விலையின் உச்சவரம்பு. இரண்டு இணையத் தளங்களிலும், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் அன்றைய விலையைப் பார்த்து எழுதுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்ஆர்பியை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். போன்களில் அது உண்மையான விற்பனை விலையைவிடப் பல ஆயிரம் கூடுதலாக இருப்பது சகஜம். கடைகளுக்கு நிறுவனம் சொல்லியிருக்கும் விற்பனை விலை வேறு. எங்கள் தொழிலில் அதை எம்ஓபி என்போம். "எம்ஆர்பியில் 4,000 தள்ளுபடி" என்று கேட்டு மகிழ்ந்து வாங்குபவர், எல்லோரும் கொடுக்கும் விலையைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்.

கிளம்புவதற்கு முன் கடைக்கு போன் செய்யுங்கள். "இந்த மாடல் இருக்கிறதா?" என்று கேட்டால் "வாங்க, இருக்கிறது" என்றுதான் பதில் வரும், ஆளைக் கடைக்குள் வரவைப்பதுதான் நோக்கம். "பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மாடல் பெயரையும் ரேமையும் படித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். உண்மையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் படித்துவிடுவார்கள்.

உள்ளே போனதும்

முடிந்தால் வார நாளில், முற்பகலில் போங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது. நேராகக் கல்லாவில் இருப்பவரிடமோ மேலாளரிடமோ போய்ச் சீட்டைக் காட்டி, "இந்த மாடல், இந்த ரேம். பெட்டியைப் பார்க்க வேண்டும், என்ன விலை?" என்று கேளுங்கள். "நல்ல போன் ஒன்று காட்டுங்கள்" என்று தொடங்காதீர்கள். என் அனுபவத்தில், அப்படிக் கேட்டவர்தான் எனக்கு 500 ரூபாய் தந்த வாடிக்கையாளர்.

கேட்கப்போகும் வசனங்கள்

இந்தப் பகுதியை விரிவாகச் சொல்கிறேன். இந்த வசனங்களை நானே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன்.

"ஸ்டாக் இல்லை, நாளை மறுநாள் வரும்." மெய்யாகவும் இருக்கலாம். மெய்யா என்று அறிய, "சரி, வந்ததும் சொல்லுங்கள்" என்று போன் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். முன்பணம் கொடுக்க வேண்டாம். வாசல்படியைத் தாண்டுவதற்குள் "அண்ணா, கிடங்கில் ஒன்று இருக்கிறதாம்" என்று குரல் வந்தால் விஷயம் புரிந்துவிடும். உங்களை உட்காரவைத்து, வேறொரு போனை ஏற்கெனவே கையில் கொடுத்துவிட்டார்கள் என்றால் அப்போதும் புரிந்துவிடும்.

"அது சூடாகிறது." எந்த போனும் சார்ஜ் ஏறும்போதும், விளையாட்டு ஓடும்போதும், சித்திரை வெயிலில் பைக்கில் மாட்டியிருக்கும்போதும் சூடாகும். பொய் என்று நிரூபிக்க முடியாத வசனம் என்பதால்தான் நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்தோம். "உங்கள் கடையில் இந்த மாடலை வாங்கி அப்படித் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். எண்ணிக்கை கேட்டால் குரல் தானாக இறங்கும். இன்னொரு நிறுவனத்தின் பொருளைப் பற்றித் தவறான தகவல் சொல்லி மட்டம் தட்டுவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் முறையற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலிலேயே இருக்கிறது. ப்ரமோட்டராக இருந்த காலத்தில் இது எனக்குத் தெரியாது. எனக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் சொல்லவில்லை.

"அதற்கு இங்கே சர்வீஸ் சென்டர் கிடையாது." இதை வாதாட வேண்டியதில்லை. நிறுவனத்தின் தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டை இட்டால் அருகிலுள்ள மையம் எங்கே என்று தெரிந்துவிடும். வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

"அதில் வெறும் 8 ஜிபிதான், இதில் 8+8, மொத்தம் 16." இரண்டாவது எட்டு ரேமே இல்லை. சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ரேமுக்குத் துணையாக ஒதுக்குவதை இப்படிக் கூட்டிச் சொல்கிறார்கள். அது நிஜ ரேமைவிட வெகு மெதுவாகவே இயங்கும். நீங்கள் எழுதிவைத்திருக்கும் போனிலும் இதே வசதி இருக்க வாய்ப்பு உண்டு. முதல் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

"அது 50 மெகாபிக்சல், இது 108." 108 மெகாபிக்சல் கேமராக்கள் வழக்கமான முறையில் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் எடுக்கின்றன. 50 மெகாபிக்சல் கேமரா நான்கைச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம் எடுக்கிறது. கையில் கிடைக்கும் படத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றே. தரத்தைத் தீர்மானிப்பது கேமராவின் உணரி (சென்சார்) எவ்வளவு பெரியது என்பது, லென்ஸ், படத்தைச் செப்பனிடும் மென்பொருள். ஆகவே எண்களை விட்டுவிட்டு இரண்டு டெமோ போன்களாலும் ஒரே பொருளைப் படமெடுங்கள். கடையின் பளிச்சென்ற விளக்குக்குக் கீழே வேண்டாம். மேசைக்கு அடியில், நிழலில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். திரையை ஒப்பிடும்போது இரண்டின் வெளிச்சத்தையும் ஒரே அளவில் நீங்களே வையுங்கள். எங்கள் டெமோ போன் எப்போதும் முழு வெளிச்சத்தில்தான் இருக்கும். பக்கத்து நிறுவனத்தின் போனில் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு நகர்வதையும் செய்திருக்கிறோம்.

"அது பழைய மாடல்." இந்த ஒன்றைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள், ஏனென்றால் சில நேரம் இது உங்களுக்கு நன்மையாக முடியும். மென்பொருள் மேம்படுத்தல் எத்தனை வருடம் வரும் என்பது அறிமுகமான நாளிலிருந்து எண்ணப்படுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கு ஏழு வருடம் என்று அந்நிறுவனம் வாக்குக் கொடுத்திருக்கிறது. குறைந்த விலை போன்கள் பலவற்றுக்கு இரண்டு, மூன்று வருடமே. மூன்று வருட வாக்குள்ள போனை அது வந்து இரண்டு வருடம் கழித்து வாங்கினால், மிஞ்சுவது ஒரு வருடம். வங்கிச் செயலிகளை அதிலேயே வைத்திருக்கப் போகிறவர் இதை யோசிக்கத்தான் வேண்டும். அதேபோல, சீட்டில் 4ஜி போன் இருந்து, நீண்ட நாள் வைத்துக்கொள்ளும் எண்ணமும் இருந்தால், 5ஜி எடுங்கள் என்பவர் சரியான யோசனைதான் சொல்கிறார்.

விற்பவர் சொல்வது உங்கள் நன்மைக்கா என்று அறிய நான் நம்பும் அளவுகோல் ஒன்று உண்டு. அவர் காட்டும் மாற்று உங்கள் விலைக்குள்ளோ அதற்குக் கீழோ இருந்து, அதன் குறை ஒன்றையும் அவரே சொன்னால், உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் கடையில் அப்படி ஓர் அண்ணன் இருந்தார். கடையின் சொந்த ஊழியர். "இதில் கேமரா சுமார்தான், ஆனால் நீங்கள் கேட்ட பேட்டரி இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்வார். மாதாந்திர விற்பனைப் பட்டியலில் அவர் பெயர் மேலே வந்ததே இல்லை. ஆனால் அவரைத் தேடி மூன்றாவது போன், நான்காவது போன் வாங்க ஆட்கள் வந்தார்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மனம் தடுமாறினால் அங்கேயே தீர்மானிக்காதீர்கள். "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று வெளியே வந்து ஒரு டீ குடியுங்கள். "இந்தச் சலுகை இன்றோடு முடிகிறது" என்பார்கள். அந்த ஒரு சலுகைக்காக மூன்று வருடம் பிடிக்காத போனைத் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

போன் சரி, கூட வருபவை

நீங்கள் விரும்பிய போன் கிடைத்துவிட்டாலும் பணம் வேறு வழியில் போகும். டெம்பர்டு கிளாஸ், பவுச், திரை உடைந்தால் மாற்றித் தரும் திட்டம், கூடுதல் வாரண்டி. ஆப்பிள் 2020 அக்டோபரிலும், சாம்சங் தன் உயர்விலை போன்களில் 2021 ஜனவரியிலும் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டன. அதனால் சார்ஜரும் இப்போது இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. வேண்டியதை வாங்குவதில் தவறில்லை. "இந்தத் திட்டத்தையும் எடுத்தால்தான் போன் தருவோம்" என்று சொன்னால் மட்டும் நின்றுவிடுங்கள். ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை 2019 சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது.

தவணைக்கு வருவோம். 'வட்டி இல்லாத தவணை' என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, ரொக்கமாகக் கொடுத்தால் 17,000 ரூபாய். தவணையில் மாதம் 2,000 வீதம் ஒன்பது மாதம், அதாவது 18,000. அதோடு செயலாக்கக் கட்டணம். இழந்த அந்த ஆயிரமும் கட்டணமும்தான் வட்டி. 2024 அக்டோபர் 1 முதல், கிரெடிட் கார்டு தவணை நீங்கலாக, இப்படிப்பட்ட கடன்களுக்கு ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் செலவு என்பதைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தமிழில் கேளுங்கள். கடன் தொகை போனின் விலைக்குச் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிகமாக இருந்தால், நீங்கள் கேட்காத ஏதோ ஒரு திட்டம் உள்ளே நுழைந்திருக்கிறது. ஓடிபி எண்ணை நீங்களே தட்டுங்கள். "சொல்லுங்கள் அக்கா, நான் போட்டுக்கொள்கிறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்

பெட்டியின் ஒட்டுத்தாளில் மாடல் பெயர், ரேம், நிறம், தயாரித்த மாதமும் ஆண்டும், அந்த போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் எல்லாம் இருக்கும். சீட்டோடு ஒப்பிடுங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்த எண் எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். இதைப் பெட்டியைப் பிரிக்காமலே செய்யலாம். பிரித்த பிறகு *#06# என்று தட்டினால் திரையில் வரும் எண்ணும், பெட்டியில் உள்ள எண்ணும், பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் வேண்டாம் என்றால் 500 குறைத்துத் தருகிறேன்" என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், முழு மாடல் பெயர், ஐஎம்இஐ எண் இருக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால்

வாங்கிய போனில் குறையில்லை, வேறொன்றை வாங்கியிருக்கலாமே என்று மட்டும் தோன்றுகிறது என்றால், திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கடையைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அதனால்தான் இவ்வளவையும் முன்கூட்டியே செய்யச் சொல்கிறேன். போன் பழுதுள்ளது என்றால் கதை வேறு. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் ஒரு மாடலைக் குறைந்த விலைக்கு விளம்பரம் செய்து, போனால் "அது தீர்ந்துவிட்டது, இதைப் பாருங்கள்" என்பதும் புகாருக்கு உரியது. அந்த விலைக்கு விற்கும் நியாயமான வாய்ப்பும் போதிய இருப்பும் இல்லாமல் ஆளை இழுக்கும் தூண்டில் விளம்பரத்துக்கு, 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிமுறைகளில் தனி விதியே இருக்கிறது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. சென்னையில் வாங்கிய போனுக்குத் தென்காசியில் வசிப்பவர் தன் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பில், பெட்டி, விளம்பரத்தின் புகைப்படம், கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நீங்கள் எழுதிக்கொண்டு போன சீட்டையும் தூக்கி எறியாமல் அவற்றோடு சேர்த்து வையுங்கள்.